பன்னிரண்டாவது கேள்வி

அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். வார்டு உதவியாளராகச் சேர்ந்து, படுக்கை விரிப்பு மாற்றி, முகம் மழித்துவிட்டு, மாத்திரையை விழுங்கினார்களா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தே முப்பது வருஷத்தை ஓட்டியவர். 'வாத்தியார்' பட்டம் வந்தது வேறு வழியில்.

அது சிறையோடு ஒட்டிய மனநல ஆஸ்பத்திரி. ஒருவன்மேல் வழக்கு இருக்கும், ஆனால் புத்தி பேதலித்திருக்கும். கோர்ட்டில் நிறுத்தினால் நீதிபதியைப் பார்த்துச் சிரிப்பான், இல்லாவிட்டால் சித்தப்பா என்பான். அவனைச் சரியாக்கி அனுப்புங்கள், பிறகு விசாரித்துக்கொள்கிறோம் என்று இங்கே தள்ளிவிடுவார்கள். மருந்து டாக்டரம்மாவின் பொறுப்பு. ஆனால் மருந்து குடித்தவனுக்கு வக்கீல் என்றால் யாரென்று தானாகத் தெரிந்துவிடுமா? அதற்காக டாக்டரம்மா பன்னிரண்டு கேள்விகளையும் பதில்களையும் தட்டச்சு செய்து இவர் கையில் கொடுத்தார். நீதிபதி யார், அரசு வக்கீல் யார் பக்கம், உன் வக்கீல் யார் பக்கம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று பதினொன்று. பன்னிரண்டாவது: சம்பவத்தைப் பற்றி எங்கே பேசலாம்? அதற்குப் பதில், 'இந்த வார்டில் யாரிடமும் பேசக்கூடாது. என் வக்கீலிடமும் நீதிமன்றத்திலும் மட்டும் பேசலாம்.'

நியாயமான விதிதான். நோயாளி ஏதாவது உளறி, அதை ஆஸ்பத்திரி ஆள் காதில் வாங்கிவிட்டால், நாளைக்கு அந்த ஆளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். வாத்தியாருக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், முகம் மழிக்கும்போது ஒருவன் கத்தியை எங்கே எறிந்தேன் என்று சொன்னான். இவர் போலீசிடம் போய்ச் சொன்னார். கோர்ட்டில் எதிர் வக்கீல் மூன்று நாள் இவரைப் பிழிந்து காயப்போட்டார். "நீங்க டாக்டரா? அவனுக்கு அன்னைக்கு என்ன ஊசி போட்டாங்கன்னு தெரியுமா? உங்க காது சரியா கேக்குமா?" என்று கேட்க, கோர்ட்டே சிரித்தது. நோயாளி சொன்னதை வெளியே சொன்னதற்காக ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் துணி வெளுக்கும் கூடத்துக்குத் துரத்தினார்கள். சூடு கண்ட பூனை அதற்குப் பிறகு அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்குமா?

ஆக, பன்னிரண்டாவது கேள்விமேல் அவருக்குத் தனிப் பாசம். ஒரே தொல்லை, பதில் நீளம். மாத்திரையால் நாக்குத் தடித்தவர்கள் பாதியில் தொலைத்துவிடுவார்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அதில்தான் மார்க் போகும். வாத்தியார் பார்த்தார், பின்பாதியை வெட்டி, முன்பாதியையும் சுருக்கிவிட்டார். 'சம்பவத்தைப் பத்திப் பேசக்கூடாதுங்க ஐயா.' ஐந்து வயதுப் பிள்ளையும் ஒப்பிக்கும். பரிசோதனை நாளில் மதியத்துக்குள் எட்டுப் பேரைப் பார்த்தாக வேண்டிய டாக்டரம்மாவும் 'பேசக்கூடாது' என்ற சொல் காதில் விழுந்ததும் டிக் போட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். இவர் தயார் செய்து அனுப்பிய நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட, 'இன்னும் தெளியவில்லை' என்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது.

நாற்பத்து மூன்றாவதாக வந்தவன்தான் ரெட்டைக்கோடு.

முப்பது வயதுக்குள் இருக்கும். சொந்தமென்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. மர சாமான் கிடங்கு ஒன்றின் பின்சுவரை ஒட்டிப் படுத்துக் கிடந்தவன். ஒரு மத்தியானம் கிடங்கு எரிந்தது. உள்ளே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த சுமை தூக்குகிறவர் கருகிச் செத்தார். 'இந்தப் பைத்தியம்தான் கொள்ளிக்கட்டையோடு ஓடியது, என் கண்ணால் பார்த்தேன்' என்றார் கிடங்கு முதலாளி. போலீஸ் பிடித்தபோது இவன் இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தது. நெருப்பு வைத்தவன் கைதானே வேகும்? அவ்வளவுதான், கேஸ் முடிந்தது! நிரூபித்துவிட்டால் ஆயுள் முழுக்கச் சிறை.

காயம் ஆறியபோது ஒவ்வொரு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரு தழும்பு நின்றது. கட்டைவிரல் தடிமனில், நேர்கோடாக. அதைப் பார்த்துத்தான் வார்டில் ரெட்டைக்கோடு என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும் அளவுக்குப் பார்த்தவர்கள், அது எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

வாத்தியாரின் வகுப்பு ஒரு கூத்து. வார்டில் நாற்காலிகள் எல்லாம் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியவை, யாரும் தூக்கி யார் மண்டையிலும் போட முடியாது. அதனால் ஜன்னலோரக் கட்டில்தான் நீதிபதி இருக்கை. நீதிபதி வேஷம் எப்போதும் ஒருவருக்குத்தான். வயதான நோயாளி, பெயர் ஜட்ஜய்யா. வேறு வேஷம் கொடுத்தால் சாப்பிட மாட்டார். யார் வந்து நின்றாலும் ஒரே தீர்ப்பு: "விடுதலை! அடுத்த ஆளு வா!"

ரெட்டைக்கோட்டுக்கு ஐந்து மாதத்தில் புத்தி நன்றாகத் தெளிந்தது. சும்மா சொல்லக்கூடாது, இப்படி ஒரு மாணவன் வாத்தியாருக்கு அமைந்ததில்லை. இரண்டே வாரத்தில் பதினொரு கேள்வியும் தண்ணீர்பட்ட பாடு. கோர்ட்டில் எப்படி நிற்பது என்பதையும் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். "கையை ஆட்டக்கூடாது. ஆட்டினா இன்னும் தெளியலைன்னு நெனப்பாங்க. தொடையோட ஒட்டி வை." ஒட்டி வைத்தான். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும், "எத்தனை மார்க்கு வாத்தியாரே?" என்று கேட்பான். பதினொன்று என்பார். பன்னிரண்டாவது மட்டும் அவனுக்கு வரவே இல்லை. பதில் மறந்துபோய் அல்ல. சம்பவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் அதைச் சொல்லத் தொடங்கிவிடுவான்.

ஒரு நாள் ஜட்ஜய்யா வழக்கமான தீர்ப்பைச் சொல்லாமல் கட்டிலைவிட்டு இறங்கி வந்தார்.

"கையைக் காட்டு" என்றார்.

ரெட்டைக்கோடு காட்டினான். கிழவர் தழும்பைத் தன் விரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினார்.

"ஏதோ கம்பியைப் பிடிச்சிருக்கே. கொதிக்கிற கம்பி. விடாமப் பிடிச்சிருக்கே. எதுக்கு?"

"கதவுங்க ஐயா" என்றான் அவன். "வெளிய இரும்புப் பட்டை போட்டுப் பூட்டியிருந்துச்சு. உள்ள அந்த அண்ணன் கத்துறாரு. நான் பட்டையைப் பிடிச்சு இழுத்தேன். சாவி மொதலாளி..."

"நிறுத்துடா!" என்று வாத்தியார் பாய்ந்தார். "பன்னெண்டாவது என்ன? சொல்லு!"

"இல்ல வாத்தியாரே, அந்த அண்ணன் எனக்குச் சோறு குடுப்பாரு, நான் போயி..."

"என் காதுல போடாதேன்னு சொல்றேன்ல! பன்னெண்டாவது!"

அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டான். "சம்பவத்தைப் பத்திப் பேசக்கூடாதுங்க ஐயா."

"அப்படிச் சொல்லு. இன்னைக்குப் பன்னெண்டுக்குப் பன்னெண்டு!"

ஜட்ஜய்யா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "விடுதலை" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர், வாயில் நூலைக் கடித்துக்கொண்டே ஊர் நியாயம் பேசுகிறவர். என்னவென்று துளைத்தெடுத்தார். இவரும் சொல்லிவிட்டார்.

"ஏங்க, தீ வைக்கிறவனுக்கு ரெண்டு கையிலயும் கம்பி அச்சு எப்படிங்க விழும்? இதை டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அது என் வேலை இல்ல."

"அவன் வக்கீலுகிட்டயாவது சொல்லலாம்ல?"

"சொன்னா என்னைத்தான் கூண்டுல ஏத்துவாங்க. உனக்கென்ன, நீ அன்னைக்கு அங்க இல்ல. அவங்க சிரிச்சது இன்னும் என் காதுல கேக்குது."

"நல்லா இருக்கு! உங்களைப் பாத்து நாலு பேரு சிரிச்சிடுவாங்கன்னு ஒருத்தன் ஆயுசுக்கும் உள்ள கெடக்கணுமாக்கும்?"

"அதான் அவனே சொல்லுவானேடி! அவன் வாய் என்ன ஊமையா? கோர்ட்டுல கேட்டா சொல்லிட்டுப் போறான்!"

மனைவி நூலைத் துப்பிவிட்டு மிஷினை மிதித்தார். வாத்தியாரும் தன் சமாதானத்தைத் தானே நம்பிக்கொண்டு தூங்கிப்போனார். தன் கையால் எந்தப் பின்பாதியை வெட்டினோம் என்ற நினைப்பு அவருக்கு வரவே இல்லை.

பரிசோதனையில் ரெட்டைக்கோடு பன்னிரண்டும் சொன்னான். "உங்க ஆளு பிரமாதம்" என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். விசாரணை தொடங்கியது. முதலாளி சாட்சி சொன்னார், போலீஸ் சாட்சி சொன்னது. கடைசி நாளில் மாத்திரைப் பையோடு துணைக்குப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. வாத்தியார் தானே முன்வந்தார். இத்தனை வருஷத்தில் தன் மாணவன் ஒருவனை அவர் கோர்ட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வராந்தாவில் அரசு செலவில் அமர்த்திய வக்கீல் கேஸ் கட்டை அவிழ்த்து, "தம்பி, என்ன நடந்துச்சுன்னு ஒரு வரியில சொல்லு" என்றார்.

"சம்பவத்தைப் பத்திப் பேசக்கூடாதுங்க ஐயா."

வக்கீல் தோளைக் குலுக்கினார். அன்றைக்கு அவருக்கு வேறு ஐந்து வழக்கு. "அதுவும் நல்லதுதான்" என்று உள்ளே போய்விட்டார். வாத்தியாருக்கு 'அட, வக்கீல்கிட்ட சொல்லலாம்டா' என்று வாய்வரை வந்தது. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார். "உன்மேல சொன்னதையெல்லாம் கேட்டேல்ல? உன் தரப்புல என்ன சொல்றே?"

ரெட்டைக்கோடு கூண்டில் நிமிர்ந்து நின்றான். இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன, உள்ளங்கை உள்பக்கம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாத்தியாரைத் தேடிக் கண்டுபிடித்தான். வகுப்பில் சரியாகச் சொல்லப்போகும்போது வரும் அதே சிரிப்பு முகத்தில் வந்தது.

"சம்பவத்தைப் பத்திப் பேசக்கூடாதுங்க ஐயா."

"பேசலாம்ப்பா. இங்கதான் பேசணும். அங்க என்ன நடந்துச்சு?"

அவன் குழம்பினான். நீதிபதி சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது நான்காவது பதில். பேசக்கூடாது என்பது பன்னிரண்டாவது. எதை எடுப்பது? மறுபடி வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் அரைவாசி எழுந்துவிட்டார். கோர்ட்டு சேவகர் திரும்பி, "யாருங்க அது? சாட்சியா?" என்று அதட்டினார். சாட்சி என்ற அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"இல்லங்க" என்று வாத்தியார் உட்கார்ந்தார்.

கூண்டிலிருந்து அவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷப் பழக்கம், என்ன செய்வது? மாணவன் பதிலுக்குக் காத்திருக்கும்போது தலை தானாக ஆடிவிடும். ஆடியது. சரி என்று ஆடியது. அவன் முகம் தெளிந்தது. கடைசிவரை அதே பதிலைச் சொன்னான்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவன் தெளிந்த மனநிலையில் இருப்பதாக ஆஸ்பத்திரி சான்று கொடுத்திருக்கிறது, சொல்ல வாய்ப்பு கொடுத்தும் வேண்டுமென்றே மறைக்கிறான், இரக்கம் காட்ட இடமில்லை என்று நீதிபதி வாசித்தார். ஆயுள். முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் வாத்தியாருக்கு மற்ற நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் இதே கூண்டில் என்ன சொன்னார்களோ! ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை என்று மார்தட்டினாரே பாவி மனுஷன், எங்கிருந்து வருவார்கள்?

வெளியே வண்டி வரும்வரை போலீஸ்காரர் அவனைச் சுவரோரம் நிறுத்திவைத்திருந்தார். வாத்தியார் மாத்திரைப் பையைக் கொடுக்கப் போனார்.

"எத்தனை மார்க்கு வாத்தியாரே?"

"பன்னெண்டு" என்றார்.

அவன் சந்தோஷமாகச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "கோர்ட்டுதான் முடிஞ்சிருச்சே. இப்பச் சொல்லலாமா? அந்த அண்ணனைப் பத்தி? எல்லாம் வரிசையா ஞாபகம் வெச்சிருக்கேன் வாத்தியாரே, ஒண்ணையும் விடல." விலங்கு போட்ட கையிரண்டையும் திருப்பி, உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். முதலாளியின் ஆட்கள் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். வாத்தியார் அந்த இரண்டு கோட்டையும் பார்த்தார், அவர்களையும் பார்த்தார். மனைவியின் முகம் ஒரு நொடி வந்து போனது. வாயைத் திறந்தார்.

"இங்க பேசக்கூடாதுப்பா" என்றார்.

"சரிங்க வாத்தியாரே" என்று அவன் கையைக் கீழே இறக்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டு, போலீஸ்காரருக்கு முன்னால் நடந்து போய் வண்டியில் ஏறினான்.