கையைக் கட்டி நின்ற பரீட்சை

"கட்டில் சுத்தம், தோல் சுத்தம், எல்லாம் வடிவு. ஆனா ஃபிராவ் வேபர் என்ன செய்தவ?" என்று பரீட்சை வைத்த ஆசிரியை கேட்டார்.

"அவ பேசாமல் இருந்தவ," என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன்.

"அதுதான் பிழை. நீங்கள் சித்தியடையேல்லை."

இது ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்தது. அங்கே சமையலறையில் தட்டுக் கழுவப் போனவள் நான். பிறகு தாதி உதவியாளர் வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்தேன். வேலையும் படிப்பும் சேர்ந்தது அது. அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பரீட்சையில் விழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதில் தப்பிவிட்டேன். விழுந்தது ஒரு வயதான அம்மாவைக் கழுவி உடுப்பாட்டுவதில். மூன்று பிள்ளைகளையும், மாமியாரைக் கடைசிவரையும் கழுவி உடுப்பாட்டியவள் நான்.

அந்த அம்மாதான் ஃபிராவ் வேபர், திருமதி வேபர். பாரிசவாதத்தில் அவருக்கு இடக்கை வழங்காது. வலக்கை நல்ல கை. அதனால் செய்யக்கூடியதை அவரே செய்ய வேண்டுமாம். நாங்கள் செய்து கொடுத்தால் அந்தக் கையும் வேலையை மறந்துவிடுமாம். வயது போனவர் பொத்தானோடு மல்லுக்கட்ட, நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? எங்கள் ஆட்களிடம் அப்படி நின்றால் மரியாதை தெரியாதவள் என்பார்கள். இங்கே அதற்குப் புள்ளி.

பரீட்சையை இன்னும் ஒருமுறைதான் எடுக்கலாம். அதிலும் விழுந்தால் திரும்பவும் தட்டுக் கழுவல்தான்.

வீட்டில் என் அவரை வைத்துப் பழகினேன். அவர் சாப்பாட்டு மேசையில் வந்து இருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"என்னப்பா, சோறு போடேல்லையோ?"

"உங்களுக்கு ரெண்டு கையும் வழங்குது. போடுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

"பரீட்சையில விழுந்தது நீர். பட்டினி நானோ?"

"முதல்ல அகப்பையை எடுங்கோ."

எடுத்தார். சோறு எந்தச் சட்டியில் என்று கேட்டார்.

இரண்டாம் பரீட்சை வந்தது. அதுவரை என்னை வேறு மாடியில் விட்டிருந்தபடியால் ஃபிராவ் வேபருக்கு என் புதுப்பழக்கம் தெரியாது. ஆசிரியை பேனையோடு மூலையில் இருந்தார். வழங்காத கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும். அதை நான் செய்தேன். பிறகு கம்பளிச் சட்டையின் பொத்தான்கள். கையைப் பின்னால் கட்டினேன்.

ஃபிராவ் வேபர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இண்டைக்கு உமக்குக் கை நோகுதோ?"

"இல்லை. கீழ்ப் பொத்தானில தொடங்குங்கோ."

"முந்தியெல்லாம் நீர்தானே பூட்டினனீர்! அப்ப உமக்கு என்னத்துக்குச் சம்பளம்?"

மூலையில் பேனை ஓடியது.

"பக்கத்தில நிக்கிறதுக்கு," என்றேன்.

"அதுவும் ஒரு வேலையோ?"

"இதுதான் பெரிய கரைச்சலான வேலை, ஃபிராவ் வேபர்."

பூட்டத் தொடங்கினார். பொத்தான் வழுகியது. திரும்பவும் வழுகியது. பின்னால் என் ஒரு கை மற்றக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் பூட்டி முடித்தார். மேலே ஒரு ஓட்டை மிச்சம். கண்ணாடியைக் காட்டினேன்.

"கோணல்," என்றார்.

பேனை நின்றது.

"கழட்டித் திருப்பிப் பூட்டுவமோ, இப்பிடியே சாப்பிடப் போவமோ? நீங்கள் சொல்லுங்கோ."

"இப்பிடியே போவம். கோப்பி ஆறிடும்."

சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொன்னார்: "நானே பூட்டினனான்." ஒருமுறை கேட்டவர்களுக்கும் திரும்பச் சொன்னார். ஒருத்தரும் கோணலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆசிரியை எனக்குக் கை தந்து, "சித்தி," என்றார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அதே இல்லத்தில் வேலை செய்தேன். இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கழுவவும் துடைக்கவும் கெதியில் பழகிவிடலாம். சும்மா நிற்கத்தான் படிப்பு வேண்டும்.

சித்தியடைந்த அன்று இரவு வீட்டில் என் அவர் மேசையில் இருந்துகொண்டு தட்டை நீட்டினார். "பரீட்சைதான் முடிஞ்சுதே."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.