மூட்டம் போட்ட வீக்கம்

என் மனைவியின் தம்பி, தன் இடது தாடையை விரல் முட்டியால் தட்டிக் காட்டிச் சிரித்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "பாருங்க மாமா, பல்லு செத்துப்போச்சு. செத்தவன் கத்துவானா?" மண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்து, அதே மார்க்கெட்டில் சொந்த மண்டி வைத்தவன். என்னை ஏமாற்றிக் காய் விற்றவன் இதுவரை பிறக்கவில்லை. மச்சினனும் லேசுப்பட்டவன் அல்ல. அறையை அடைத்துப் புகை மூட்டம் போட்டுக் காயைப் பழுக்க வைப்பதில் கைதேர்ந்தவன்.

ஸ்ரீரங்கத்தில் பல் டாக்டரம்மா அவனுக்கு ரூட் கெனால் ஆரம்பித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பல்லைத் திறந்து நரம்பை எடுத்து, தற்காலிகமாகச் சிமெண்ட் வைத்தார். "வலி நின்னுடும். அதை நம்பி வராம இருந்துடாதீங்க. வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு, மேல கேப் போட்டாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார். அடுத்த தடவைக்கு இவன் போகவில்லை. முகூர்த்த நாள், லாரி வரவில்லை, ஏதாவது ஒன்று. மார்க்கெட்டே அடங்கும் என் குரலுக்கு அவன் மட்டும் அடங்கவில்லை.

வெயில் காலத்தில் கன்னம் வீங்கியது. "இதுவும் காய்தான் மாமா. மூட்டம் போட்டா பழுத்து உடைஞ்சிடும்" என்று உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்து, மேலே துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். அவன் அக்காவான என் மனைவி கெஞ்சியும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. முழுங்க முடியாத எச்சில் துண்டை நனைத்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஓயாமல் பேசுகிறவன், முன்னால் குனிந்து மூச்சுக்கு அலைந்தான். "சாய முடியல மாமா." சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது அந்தக் குரல்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்ததுமே உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார். பிறகு வந்து சொன்னார்: "நரம்பு போனதால வலி தெரியலைங்க. சீழ் உள்ள வேலை பார்த்துக்கிட்டே இருந்திருக்கு. வாய் திறக்கலைன்னாலோ, எச்சில் முழுங்க முடியலைன்னாலோ, கழுத்து வீங்கினாலோ உடனே ஓடி வரணும். ஒத்தடம் கொடுத்துக்கிட்டு இருக்கக் கூடாது." சீழை வெளியேற்றக் கழுத்தைக் கீறியும் பார்த்தார்கள். அவன் வீடு திரும்பவில்லை.

இப்போது என் கடைவாய்ப் பல்லுக்கும் ரூட் கெனால் வந்திருக்கிறது. அதே டாக்டரம்மாதான். அந்தப் பேரைக் கேட்டாலே ஊரே பயப்படுகிறது. மரத்துப்போக ஊசி போட்டபின் எனக்குச் சத்தம்தான் கேட்டது. முதல் தடவை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"வலிக்குதாங்க?"

"துளிகூட இல்ல."

அவள் முகம் வெளுத்துவிட்டது.