கரையில் நின்ற போட்டும் உள்ளே கிடந்த தண்ணீரும்

1. ஃபைபர் படித்தவன்

ஜூனியர்களே, காலேஜ் முடித்து ஃபீல்டுக்கு வரப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். பயோடேட்டாவில் எழுதும் ஒவ்வொரு வார்த்தையையும் ஒருநாள் யாராவது நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேனியில் செகண்ட் ஹேண்ட் மிஷின் புரோக்கர் ஆபீஸ். டிராக்டர், ஜெனரேட்டர், ஆயில் இன்ஜின் என்று யார் பழைய மிஷின் வாங்கப் போனாலும் கூடவே போய்க் கண்டிஷன் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. முதலாளி பாண்டியண்ணன். பழைய இன்ஜினின் புகையைப் பார்த்தே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார். ஒருநாள் என் பயோடேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏலே, நீ காலேஜ்ல ஃபைபர்தான படிச்ச?"

நான் படித்தது மெக்கானிக்கல். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காகத் தேங்காய் நாரையும் ரெசினையும் சேர்த்துத் தகடு செய்தேன். டெஸ்டிங் மிஷினில் வைப்பதற்கு முன்பே பாதித் தகடு உடைந்தது. பயோடேட்டாவில் மட்டும் 'ஃபைபர் காம்போசிட்' என்று கெத்தாக எழுதியிருந்தேன்.

"ஆமாண்ணே."

"அப்பச் சரி. ராவுத்தர் ஃபைபர் போட்டு வாங்கப் போறாக. நீ வந்து கண்டிஷன் பாரு."

எங்கள் பள்ளத்தாக்கில் போட் என்றால் தேக்கடியில் யானை பார்க்கப் போகும் போட்தான். அதைத் தாண்டி நான் போட் பார்த்ததில்லை. எதிரே நாற்காலியில் ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். கம்பத்துக்காரர். அனுமந்தன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர். எங்கள் அப்பாவுக்குப் பழக்கம், அதனால் எனக்கு மாமா.

"ஒண்ணுமில்ல தம்பி. எம் மருமகன் யூசுப் கொச்சிப் பக்கம் ஐஸ் சப்ளை பண்றாப்ல. ஊராம்புட்டு போட்டுக்கு ஐஸ் ஏத்தி ஏத்தி அலுத்துப்போச்சு, சொந்தமா ஒரு போட்டு வேணுங்கிறாப்ல. மீன் பிடிக்கிற பழைய ட்ராலர் ஒண்ணு வந்திருக்கு. நீங்க ஓகேன்னா பந்தலைக் குடுத்துட்டு அதை வாங்கிறலாம்னு இருக்கேன்."

"பந்தலையா மாமா?"

"ஆள் ரெடியா இருக்காக. நான் அங்கன இருந்து ஒரு போன் போட்டா அட்வான்ஸோட வந்து நிப்பாக."

அதாவது, நாங்கள் ஓகே சொன்னால் திராட்சைத் தோட்டம் கைமாறும். பயோடேட்டாவில் அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. பாண்டியண்ணன் மட்டும் ஜாலியாக இருந்தார். "இன்ஜினுக்கு நான் இருக்கேன், ஃபைபருக்கு இவன் இருக்கான். இதுக்கு மேல என்ன வேணும் ராவுத்தரே?"

2. தட்டிப் பார்த்தது

குமுளி வழியாக ஜீப்பில் கொச்சிக்கு இறங்கினோம். யூசுப் போட் ரிப்பேர் யார்டு வாசலிலேயே காத்திருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். மாமனார் இறங்கியதும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். முகத்தில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு பரபரப்பு.

போட் கடலில் இல்லை. கரையேற்றி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். கீழே நின்று பார்த்தால் மாடி வீடு மாதிரி இருந்தது. பளபளவென்று நீலப் பெயின்ட். ஓனர் வர்கீஸ் சேட்டன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நல்ல போட்டாணு. எவிடெ வேணும்னாலும் நோக்கிக்கோ. ஒரு குழப்பமும் இல்லா."

பாண்டியண்ணன் ஏணியில் ஏறி நேராக இன்ஜினுக்குப் போனார். முதலில் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் மாறியது.

"என்ன சேட்டா, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிட்டீக போல?"

"சும்மா டெஸ்ட் செய்ததாணு."

இதை ஜூனியர்கள் குறித்துக்கொள்ளலாம். பழைய டீசல் இன்ஜினைப் பச்சைத் தண்ணியாகக் குளிர்ந்து கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் நோய் தெரியாது. ஆற விட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்சம் திணறி, வெள்ளைப் புகை தள்ளி, அப்புறம் சீராக ஓடியது. ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார். பால் கலந்த மாதிரி வெளுப்பு இல்லை. "தண்ணி கலக்கல. வயசுக்கு இன்ஜின் பரவால்ல" என்றார்.

அடுத்து என் டர்ன்.

கிளம்புவதற்கு முன் நெட் சென்டரில் உட்கார்ந்து, பழைய ஃபைபர் போட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று படித்து வைத்திருந்தேன். கணீர் என்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். சிம்பிள் என்று நினைத்தேன். தட்ட ஆரம்பித்தேன். முன்பக்கம் டங். கொஞ்சம் தள்ளி டக். நடுவில் தொப். அங்கேயிருந்து தொப், தொப், தொப். எனக்கு வியர்த்துவிட்டது.

"யூசுப்ணே, இங்கன பூரா மொத்துன்னு கேக்குதே?"

"அதுக்குப் பின்னாடிதான் மீன் வைக்கிற ரூம் தம்பி. ஐஸ் உருகாம இருக்கத் தெர்மாகோல் வச்சிருப்பாங்க. அப்படித்தான் கேக்கும்."

சரி, அங்கே தொப் என்றால் நல்லதா கெட்டதா? தெர்மாகோலுக்கு முன்னால் அடுக்கு பிரிந்திருந்தால் எப்படித் தெரியும்? நெட்டில் அதெல்லாம் போடவில்லை. அடிப்பக்கம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தன. பெயின்ட் கொப்புளமா, ஃபைபருக்குள்ளேயே தண்ணீர் புகுந்த கொப்புளமா? நகத்தால் சுரண்டினேன். வர்கீஸ் சேட்டன் தொண்டையைச் செருமினார். சுரண்டுவதை நிறுத்தினேன்.

பாண்டியண்ணன் கீழே குனிந்து கத்தினார். "ஏலே, சுவரைத் தட்டுற கொத்தனார் மாதிரி எம்புட்டு நேரம்டா தட்டுவ? என்னாங்குது?"

"பாத்துக்கிட்டிருக்கேன்ணே."

3. ருசி பார்த்தது

இன்ஜினுக்குக் கீழே போட்டின் அடிவயிற்றில் தண்ணீர் கிடந்தது. ஒரு குடம் தேறும். டார்ச் அடித்துக் காட்டினேன். யூசுப் முகம் வெளுத்துவிட்டது. அடியில் எங்கேயோ ஓட்டை என்றால் கதை முடிந்தது.

ராவுத்தர் எங்களை விலக்கிவிட்டு மண்டியிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

"மாமா!" என்று யூசுப் பதறினார்.

"பொறு மாப்ள." கண்ணை மூடி ருசித்தார். எங்கள் பக்கம் போர் போட்டால் முதல் தண்ணீரை இப்படித்தான் பார்ப்பார்கள். உப்பு என்றால் தோட்டம் போச்சு, இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் பிரியாணி. ராவுத்தர் கண்ணைத் திறந்தார். "உப்பே இல்ல. டீசல் வாடை அடிக்குது, ஆனா உப்பு இல்ல. கடல் உள்ள வரல."

பாண்டியண்ணனும் தொட்டு நக்கினார். "அட ஆமாய்யா! எங்க ஊர்க் கெணத்துத் தண்ணி கணக்கா இருக்கு."

நானும் நக்கினேன். இன்ஜினியர் நான், நக்காமல் இருந்தால் எப்படி? உப்பு இல்லை.

யூசுப் சிரிக்க ஆரம்பித்தார். வர்கீஸ் சேட்டனும் எதற்கென்று புரியாமலே சேர்ந்து சிரித்தார். பாண்டியண்ணன் ராவுத்தர் தோளில் தட்டி, "கண்டிஷன் ஓகே ராவுத்தரே. போன் போடுங்க" என்றார்.

"சாப்பிட்டுட்டுப் போடுறேன்" என்றார் ராவுத்தர்.

அந்தச் சாப்பாடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

4. மீன் குழம்பு

யார்டுக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஹோட்டல். இலை போடும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூரையில் எங்கேயோ பொத்தல். என் இலையில் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. நான் இலையை நகர்த்தினேன். சொட்டும் நகர்ந்தது. அண்ணாந்து பார்த்தால், தகரத்தில் ஆணித் துளை ஒரு பக்கம், ஒழுகும் இடம் ஒரு பக்கம்.

யூசுப் போட்டுக்குப் பேர் யோசித்துக்கொண்டிருந்தார். "உங்க மக பேரையே வச்சிரலாம் மாமா" என்றார். ராவுத்தருக்கு வெட்கம் கலந்த சந்தோஷம்.

"சேட்டா, போட்டைக் கரை ஏத்தி எத்தனை மாசமாச்சு?" என்று, ஒழுகும் கூரையைப் பார்த்தபடி, கூட வந்திருந்த வர்கீஸ் சேட்டனிடம் கேட்டேன்.

"மழை தொடங்கும் முன்னே ஏத்தியதாணு."

சோற்றில் கை அப்படியே நின்றது.

"அண்ணே," என்றேன் பாண்டியண்ணனிடம், "போட்டு கரையில நிக்குதுல்ல?"

"ஆமா."

"கரையில நிக்கிற போட்டுக்குள்ள கடல் எப்படிண்ணே வரும்?"

கூரையில் மழை தடதடத்தது.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கீழே இருந்து ஊறி வருவது. கிணறு, போர் இரண்டுமே அப்படித்தான். பள்ளத்தில் தண்ணீர் கிடந்தால் அடியிலிருந்து வந்தது என்று எங்கள் புத்தி தானாகவே எடுத்துக்கொண்டது. மூன்று பேர் வரிசையாக நக்கினோம், ஒருத்தனுக்கும் மேலே பார்க்கத் தோன்றவில்லை. அது மழைத் தண்ணீர். மேல்தளமான டெக் வழியாக இறங்கியிருக்கிறது. ஃபைபர் டெக் என்பது முழு ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். இன்ஜின் உட்காரும் மேடையும் பல போட்டில் உள்ளே மரம், வெளியே ஃபைபர். கடல் தண்ணீர் பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் கெடாத மரம் மழைத் தண்ணீரில் சீக்கிரம் மக்கும். இதுவும் நெட்டில் படித்ததுதான், ஆனால் உப்பு இல்லை என்றதும் படித்ததெல்லாம் காணாமல் போய்விட்டது.

"அப்ப இது நல்லதா கெட்டதா?" என்றார் ராவுத்தர்.

"டெக்க மிதிச்சுப் பாக்கணும் மாமா" என்றேன்.

5. ஒத்த வார்த்தை

மழை விட்டதும் மறுபடி ஏறினோம். அடிவயிற்றுத் தண்ணீர் கூடியிருந்தது. இந்த முறை டெக்கில் குதிகாலால் மிதித்து நடந்தேன். வலை இழுக்கும் வின்ச் பக்கத்தில் ஒரு இடம் லேசாக அமுங்குகிற மாதிரி இருந்தது. பாண்டியண்ணன் மிதித்தார், அவருக்கு அமுங்கவில்லை. யூசுப் மிதித்தார், "எல்லா போட்டும் இப்படித்தான்" என்றார். நான் மறுபடி மிதித்தேன். இப்போது எனக்கே அமுங்கவில்லை.

"ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ள மரத்தைப் பாக்கலாமா சேட்டா?"

"அய்யோ! ஓட்டை போட்டிட்டு நீ வாங்கலைன்னா, பின்னே ஆராணு வாங்குறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் கேட்டதும் நியாயம்தான். அங்கேதான் எனக்கு மூளை சுத்தமாக நின்றது.

யூசுப் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "தம்பி, டெக்கு போனா மாத்திக்கலாம். நீங்க வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க. இதை விட்டா எனக்கு ஐஸ் வண்டிதான்." கண் கலங்கியிருந்தது. அவரைப் பார்த்தால் ஓகே சொல்லத் தோன்றியது. திரும்பி ராவுத்தரைப் பார்த்தால் பந்தல் ஞாபகம் வந்தது.

ராவுத்தர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "தம்பி, எனக்கு ஃபைபரும் தெரியாது, கடலும் தெரியாது. ஒத்த வார்த்த சொல்லு. வாங்கவா, வேணாமா?"

பாண்டியண்ணன் பின்னாலிருந்து என் முதுகில் குத்தினார். எங்கள் தொழிலில் ஓகே என்று சொல்லலாம், ஓகே இல்லை என்றும் சொல்லலாம். சொல்லவே கூடாத ஒன்று உண்டு.

"தெரியல மாமா."

"என்னாது?"

"இன்ஜின் ஓடுது, பாத்தேன். டெக்கு வழியா தண்ணி இறங்குது, அதையும் பாத்தேன். உள்ள மரம் மக்கியிருக்கான்னு நான் பாக்கல. பாக்காம எனக்குத் தெரியல."

ராவுத்தர் போனைச் சட்டைப் பையில் போட்டார். யூசுப் ஏணியில் இறங்கிப் போனவர், ஜீப் கிளம்பும்போது வெளியே வரவே இல்லை.

குமுளி செக்போஸ்ட்டில்தான் பாண்டியண்ணன் வாயைத் திறந்தார். "தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு சம்பளம், அவனை ஏத்திக்கிட்டுப் போக ஒரு ஜீப்பு. நல்லா இருக்குடா."

முன் சீட்டில் ராவுத்தர் தூங்குவது போலக் கண்ணை மூடியிருந்தார்.

6. தெரியலத் தம்பி

அந்த போட்டை வேறு யாரோ வாங்கினார்கள். இன்னும் ஓடுகிறதாம். டெக்கை மாற்றினார்களா, மரம் நன்றாகத்தான் இருந்ததா, யாருக்கும் தெரியாது. அது இன்னும் ஓடுவதைப் பாண்டியண்ணன் வாரம் ஒருமுறையாவது எனக்கு ஞாபகப்படுத்துவார். யூசுப் இன்னும் ஐஸ்தான் ஏற்றுகிறார். பெருநாளைக்குக் கம்பம் வந்தால் என்னிடம் பேசுவார், ஆனால் போட் பேச்சை எடுப்பதில்லை. நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். கண்டிஷன் சொல்லும்போது பார்த்ததை ஒரு பக்கமும் பார்க்காததை ஒரு பக்கமும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கஸ்டமர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

போன சீசனில் ஆபீசுக்கு ராவுத்தர் போன் செய்தார். பந்தலுக்கு மருந்தடிக்கப் பழைய பவர் ஸ்பிரேயர் ஒன்று பார்த்திருக்கிறாராம். பாண்டியண்ணன் தானே வருவதாகச் சொல்ல, "நீங்க வேணாம் பாண்டி. அந்தத் தெரியலத் தம்பிய அனுப்புங்க" என்றாராம். அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

போனேன். கொத்துக் கொத்தாகக் காய் தொங்கிய பந்தலுக்கடியில் ஸ்பிரேயர் நின்றது. அதன் கீழே மண் நனைந்திருந்தது. ராவுத்தர் பக்கத்தில் குத்துக்காலிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நக்கிப் பாக்கல தம்பி," என்றார். "இந்தத் தண்ணி எங்கன இருந்து வந்துச்சுன்னு மொதல்ல சொல்லு."

நான் முதலில் மேலே பார்த்தேன்.