கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. பெயரில்தான் கல், மற்றபடி வெறும் தாள். முன்னுக்குப் படம், பிறகு இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, நாலு தேவாரம், கடைசிப் பக்கத்தில் குடும்பத்தவரின் நன்றி. வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கேயாவது செருகிவிடுவார்கள். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். நான் அவற்றைத்தான் சேர்க்கிறேன்.

முன்பு நல்ல நூல்களே வைத்திருந்தேன். எழுதியவர்களே கையெழுத்து வைத்துத் தந்தவை, இரண்டு அலுமாரி நிறைய. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. எங்கள் ஊரான கனகராயன்குளத்துக்குத் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. திறப்பு மட்டும் கையில் இருந்தது.

அந்த நாட்களில் வவுனியாவில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், "இதெல்லாம் நீங்கதான் படிப்பீங்க டீச்சர்" என்று ஒரு கட்டைத் தந்தார். அதற்குள் ஏழு கல்வெட்டுகள். ஒன்று என் அப்பா பிறக்க முன்னர் அச்சடித்தது. வரலாறு முழுக்கப் பாட்டாகவே இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். செத்தவரின் உறவினர் ஒருவர் அந்தக் கடைசிப் பக்கத்தில் பேனையால் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாதது என் புது அலுமாரியில் ஏறாது. அந்த ஏழுக்கும் சொந்தக்காரரைத் தேடி பஸ்ஸில் முல்லைத்தீவு வரைக்கும் அலைந்தேன். ஓமந்தையில் ஒருவர் பென்சிலால் வைக்கப் பார்த்தார்.

"பென்சிலை அங்காலை வையுங்கோ," என்றேன். "நாளைக்கு அழிச்சுப்போட்டு, நான் வைக்கேல்லை எண்டு சொல்லுவியள்."

மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேனையைத் தேடி எடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு என் அலுமாரியைக் கண்டாலே நடுக்கம். "செத்தவீட்டுச் சாமானை எல்லாம் அறைக்குள்ளை வைச்சுக்கொண்டு எப்பிடி ரீச்சர் படுக்கிறியள்?"

"உயிரோடை இருக்கிறவை ஒருத்தரும் என்னை எட்டிப் பாக்கிறேல்லை. இவையாவது இருக்கட்டுமன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. பின்னேரங்களில் ஒரு கல்வெட்டை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன். வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டுமே.

அந்த அலுமாரியில் என் மனுசனுடையது மட்டும் இருக்கவில்லை. கடைசி இடம்பெயர்வில் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போத்தலோடு போனவர். போத்தலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எத்தனையோ கந்தோரில் படிவம் நிரப்பினேன். அவர் செத்ததை ஒருவரும் காணவில்லை. ஒருவரும் காணாத சாவுக்குத் திதி எங்கே எடுப்பது? திதி இல்லாமல் கல்வெட்டு இல்லை. எனக்கும் அதுதான் வசதி. நான் இன்னும் பொட்டு வைக்கிறேன். அவர் இல்லை என்று சொல்லும் ஒரு தாளையும் இந்த வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று இருந்தேன்.

போன மாசியில் கனடாவிலிருந்து ஒரு பொதி வந்தது. அனுப்பியவர் என் மச்சாள், மனுசனின் தமக்கை. பிரித்தால், அவருடைய கல்வெட்டு. படம் எங்கள் கல்யாணப் படம். என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தார்கள். தோளில் என் மாலையின் ஓரம் தெரிந்தது. திதி, அவர் தண்ணீருக்குப் போன அதே நாள். கடைசிப் பக்கத்தில் நன்றி, அதற்குக் கீழே "மனைவி" என்று என் பெயர். நான் சொல்லாத நன்றி.

உடனே ரெலிபோன் எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"ஆரைக் கேட்டு அடிச்சனீங்கள்? நான் இஞ்சை பொட்டோடை இருக்கிறன். உங்களுக்கு அங்கை அவ்வளவு அவசரமோ?"

மச்சாள் மெதுவாகச் சொன்னார். "எனக்கு எண்பது முடிஞ்சுது மச்சாள். கண்ணும் தெரியேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் போனாப் பிறகு தம்பிக்கு ஆர் அடிக்கிறது? ஊராக்கள் எல்லாரும் உங்கடை அலுமாரிக்குள்ளை இருக்கினம். அவனும் இருக்கட்டுமன்."

பிள்ளைகளும் இல்லை எங்களுக்கு. "வைக்கிறன் மச்சாள்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் மச்சாள் அழுவது கேட்டது.

அன்று பின்னேரம் மனுசனுடைய வரலாற்றைச் சத்தமாக வாசித்தேன். "இனிமையாகப் பாடுவார்" என்று ஒரு வரி. பாடுவாராம்! அவர் பாடத் தொடங்கினால் எங்கள் நாய் எழும்பி வெளியே போய்விடும். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இதைச் சொல்லிச் சிரிக்க ஒருவரும் இல்லையே என்று அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன்.

ஒரு கிழமை அது மேசையிலேயே கிடந்தது. என் சட்டப்படி கையெழுத்து வேண்டும். வைக்க வேண்டியவள் நான். பேனையை இரண்டு தரம் திறந்தேன். இரண்டு தரமும் மூடி வைத்தேன்.

எட்டாம் நாள் காலை, தேத்தண்ணீர் குடித்து முடித்த கையோடு, என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கையெழுத்து வைத்தேன். கொண்டுபோய் அலுமாரியில் ஏற்றினேன். ஓமந்தைக்காரர் கண்டால் சண்டைக்கு வருவார், வரட்டும்.

அழிறப்பரையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அவர் வந்தால் அழிக்க வேண்டும்.