தலைகீழாக மாட்டிய லென்ஸ்

சிதம்பரத்திலுள்ள அந்த நூலகத்தில் அன்று இருந்தது மூன்றே பேர்: நூலகர் அம்மா, என் மச்சான், நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் வாசலிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

கடலூரில் பெயர்ப்பலகை வெட்டும் லேசர் மிஷின் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக அது அக்ரிலிக்கை வெட்டாமல் உருக்கியது. லேசர் ஒளியைத் தரும் டியூப் போய்விட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். கடையை மூட வேண்டியதுதான் என்று சோறு இறங்காமல் கிடந்த என்னை, புத்தகத்தில் ஏதாவது இருக்கும் என்று மச்சான்தான் இழுத்து வந்தான்.

“எங்க மாமா எட்டாவதே தாண்டல மேடம். லேசர் புக்கு வேணுமாம்,” என்று மானத்தையும் வாங்கினான்.

“படம் பாக்க பாஸாவணுமா என்ன? உக்காருங்க,” என்றார் அவர். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கடைசியில் திறந்தார். “முதல்லேர்ந்து புரட்டாதீங்க. பின்னாடி அகரவரிசையில டியூபு, லென்ஸ்னு எது வேணுமோ அதத் தேடுனா பக்க நம்பர் போட்டிருக்கும்.”

அந்தப் பக்கத்தில் ஒரு படம். மேலிருந்து வரும் ஒளி, லென்ஸின் புடைத்த பக்கத்தில் விழுந்து கீழே ஒரே புள்ளியில் கூடியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம் மிஷினின் லென்ஸைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தட்டைப் பக்கம் மேலே வர மாட்டியது நானேதான்!

“மச்சான், டியூபு நல்லாத்தான்டா இருக்குது!” என்று கத்திவிட்டேன். அதட்ட வேண்டிய நூலகர் அம்மாவே சிரித்துவிட்டார்.

மாலையே மிஷின் நூல் பிடித்தாற்போல் வெட்டியது. நமக்கெல்லாம் எதற்கு என்று எத்தனை வாசல்களிலிருந்து திரும்பியிருக்கிறேன்! இந்த வாசலுக்குள் மறுபடி போக எனக்கொரு காரணமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, சில்லறை இல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு ரூபாய் பாக்கி.