உப்புத்தாள்

என் அப்பா ஏ.டி.எம். பண வண்டி ஓட்டுகிறார். முன் சீட்டில் அவர் பக்கத்தில் ரைபிளோடு உட்கார்ந்து வந்தவர் திருவொற்றியூர் மாமா. ரைபிள் அவருடைய சொந்த உடைமை, லைசென்ஸும் அவர் பேரில். அது இருக்கிறவரைதான் அவருக்கு அந்த சீட்.

எல்லாத் துப்பாக்கியையும் ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் செல்லாது என்று உத்தரவு வந்திருந்தது. ராயபுரம் டீக்கடையில் மாமாவும், இன்னொரு வண்டியில் கன்மேனாக இருக்கும் நெட்டுக்குப்பத்துக்காரரும் தினமும் இதே பேச்சு. பதிவதா வேண்டாமா என்று மாமாவுக்கு இரண்டு மனசு.

"இன்னிக்கு நம்பர் கேப்பான். பத்து வருஷம் கயிச்சி அந்த நம்பரை வெச்சிகினு உன் கையில கீறது இன்னான்னு கேப்பான். இரும்பு தேயும் நைனா, கம்ப்யூட்டர் தேயாது," என்றார் நெட்டுக்குப்பத்துக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி என்.சி.சி.யில் சுட்டு மெடல் வாங்கியவள் நான். துப்பாக்கி என்றாலே பேச்சு நிற்காது. "கம்ப்யூட்டர்ல ஏறிட்டா அப்புறம் ஃபைல் காணோம்னு எவனும் உங்களை அலைய விட முடியாது மாமா. லைஃபுக்கும் நிம்மதி," என்று அரைமணி நேரம் அடித்துவிட்டேன். மாமா என் பேச்சில் விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வைத்து ஃபாரம் நிரப்பினோம். ரைபிளைப் பார்த்து அசந்துபோனேன். கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே உதிர்கிறது. ரைபிளோ கண்ணாடி மாதிரி மின்னியது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைப்பாராம். ரைபிள் உடம்பில் பொறித்த நம்பரைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். கடைசி இலக்கம் மூன்று.

"லைசென்ஸ் புக்குல எட்டுன்னு கீதும்மா," என்றார் மாமா.

"கிளார்க் தப்பா எழுதியிருப்பாரு. இரும்பு பொய் சொல்லாது மாமா." மூன்று என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

ரைபிளோடு சரிபார்க்க லைசென்ஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். எட்டுதான். அதன் இடது பாதி தேய்ந்து போயிருந்தது.

"நம்பரை ராவிட்டு வேற நம்பர் குடுத்திருக்க. யாருது இது?"

"என்னுதுதான் சார். பூஜைக்குத் தேய்ப்பேன்."

"பூஜையா!" அவர் பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டார். "சாமி கும்பிட்டே நம்பரைக் காலி பண்ணிருக்காரு. எங்க, எப்படித் தேய்ப்பன்னு காட்டு."

பட்டாளத்தில் இருந்தவர் மாமா. மேசைமேல் ரைபிள் கிடக்க, வெறும் கையால் காற்றில் தேய்த்துக் காட்டினார். "இன்னும் அழுத்தி," என்றார் ஒருவர். அழுத்திக் காட்டினார்.

"ஃபாரத்துல மூணுன்னு அடிச்சது யாரு?"

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் தப்பா சொல்லிட்டேன்," என்றார்.

எனக்கு வாய் இருந்தது. டீக்கடையில் அரைமணி நேரம் ஓடிய அதே வாய். திறக்கவில்லை.

ரைபிளைப் பரிசோதனைக்கென்று எடுத்துக்கொண்டார்கள். எப்போது திரும்பும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பண வண்டி சூப்பர்வைசர் மட்டும் தெளிவாகச் சொன்னார்: "எனக்குத் தேவை ரைபிள். அதைத் தூக்கத்தான் ஆளு." மறு வாரமே அந்த சீட்டில் வேறொருவர். அவர் ஜோக்குக்கு அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்ததாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெட்டுக்குப்பத்துக்காரர் என்னை டீக்கடையில் பார்த்ததும் கையைத் தூக்கி சல்யூட் அடித்தார். "வா மெடலு. தோட்டா இல்லாமயே ஒரு ஆளைச் சாச்சிட்டியே. குறின்னா இது குறி." கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்தார். ஏதோ அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலையாம். அதற்கும் ஆன்லைன் ஃபாரம்தான். நிரப்பித் தர வேறு ஆள் கிடைக்கவில்லை போல. பெயர், வயது, விலாசம் எல்லாம் வேகமாக அடித்தேன். அடுத்த கேள்வியில் என் விரல் நின்றது.

"இன்னாம்மா கேக்கறான்?"

"சொந்தமா ஆயுதம் இருக்கான்னு."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இல்லைன்னு போடு," என்றார். "பாத்து அடி."