நீலாம்பாள் வாங்கிய கம்ப்யூட்டர்

நீலாம்பாள் கம்ப்யூட்டர் வாங்கியது 1999இல். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியை. பூதலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா தங்கையன் பண்ணையாளாக இருந்தவர். கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அவருக்குப் பின் அம்மாவும் இறந்த வருடம், பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா கிடைத்தும் வயலில் கால்வைக்க முடியாமல் போன குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் நூற்றுப் பதினேழு பேரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தாள்.

தஞ்சாவூரில் கடை வைத்திருந்த பக்கீர் முகம்மது, படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஸ்பீக்கர் வேண்டாம், அதற்குப் பதிலாக மெமரியைக் கூட்டுங்கள் என்றாள். நாலு கீபோர்டைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். கரண்ட் போனால் அடித்தது அழியக் கூடாதென்று யூபிஎஸ், கூடவே ஒரு பிரிண்டர்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து பொருத்தினார். விண்டோஸ் ஏற்றும்போது பெயர் கேட்டது, அடித்தார். அடுத்த கட்டத்தில் நின்றார்.

"நிறுவனம்னு கேக்குது டீச்சர். என்ன போட?"

"ஒண்ணுமில்லைங்க. காலியா விடுங்க."

"வீட்டுல வேற யாரும் தொடுவாங்களா? கேம்ஸ் ஏதாவது போட்டு வைக்கவா?"

"நான் மட்டுந்தாங்க."

தமிழ் எழுத்துரு ஒன்றை ஏற்றிவிட்டு, டீ வேண்டாமென்று கிளம்பினார்.

பள்ளிக்குப் போகுமுன் தினமும் இரண்டு மணி நேரம் அடித்தாள். ஆறு மாதத்தில் முடிந்தது. ஃபிளாப்பியைப் பல்கலைக்கழகத் துறைக்குக் கொண்டுபோய்ப் போட்டால், ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. அவர்கள் வைத்திருந்தது வேறு எழுத்துரு. அதில்தான் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு எழுத்துருவிலும் எழுத்துகளின் இடம் வேறு, ஒவ்வொன்றாகத் தேடி மாற்றிக்கொள்ளலாம் என்று பக்கீர் முகம்மது போனில் சொன்னார்.

மாற்றினாள். ஓரெழுத்தை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், ஏற்கனவே மாறியதும் சேர்ந்து மாறியது. இரண்டு நாள் வீணானபின், எல்லா எழுத்தையும் முதலில் எண்களாக்கி, எண்களைப் புது எழுத்தாக்கும் வழி அவளுக்கே பிடிபட்டது. கோடை விடுமுறை முழுவதும் அதற்கே போயிற்று.

அப்படியும் சில புள்ளிகள் காணாமல் போயிருந்தன. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். வைரக்கண்ணு, முக்கால் ஏக்கர். பூவம்மாள், அரை ஏக்கர், பயிரிடுவது வேறொருவர். வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது. உள்ளேன் என்று சொல்லத்தான் யாருமில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். பட்டம் கிடைத்ததைப் பக்கீர் முகம்மதுவுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார், பிரிண்டரில் மை இருக்கிறதா என்று கேட்டார்.

டீச்சர் வீட்டில் மனு அடித்துத் தருகிறார்கள் என்று பேச்சுப் பரவியது. ஆட்கள் பட்டா நகலோடு வந்தார்கள், தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து வந்த அம்சம் என்ற பெண் மட்டும், தாள் கைக்கு வந்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமாங்க."

"பயமா இல்லையா?"

"பழகிப்போச்சு. டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க."

"இன்னொரு நாளைக்கு வர்றேம்மா. பஸ் போயிடும்."

நீலாம்பாள் வாசல்வரை போய் நின்றாள். பிறகு உள்ளே வந்து, அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.